வண்டிவீடுகளுக்கான இட வாடகை குறித்து

சேந்தன்கழி நகராட்சி மன்றத்தின் சாதாரணக் கூட்டத்தில், பேருந்து நிலையக் கழிப்பறை ஏலத்துக்கும் தெருநாய்களுக்கான ஊசிக்கும் நடுவே, பதினான்காவது பொருளாக அது வந்தது: நகரும் இல்லப் பூங்காக்களில் இட வாடகைக்கு உச்சவரம்பு விதிப்பது. அதற்கு முந்தைய பதின்மூன்று பொருள்களை மன்றம் இருபது நிமிடத்தில் நிறைவேற்றியிருந்தது. அதிலும் ஐந்து நிமிடம் தலைவருக்குப் பொன்னாடை போர்த்தியதில் போனது. பதினான்காவதுக்கு மட்டும் நான்கு மாதம் பிடித்தது.

நான் அந்த நகராட்சியில் உதவிப் பொறியாளர். மன்றக் கூட்டத்தில் எனக்கு நாற்காலி உண்டு, வாய் கிடையாது. கேட்டால் மட்டும் பதில் சொல்லலாம். இருபத்தாறு வருடச் சேவையில் என்னை இரண்டே இரண்டு முறைதான் கேட்டார்கள். இரண்டு முறையும் உண்மையைத்தான் சொன்னேன்.

கடல் எங்கள் ஊருக்குள் இரண்டு முறை வந்து திரும்பிப் போனது. மூன்றாவது முறை போகவில்லை. வீடு கட்டிக் கொடுத்துக் கட்டிக் கொடுத்து அலுத்துப்போன அரசு, இனிமேல் வீடே ஓடிப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தது. அப்படி வந்ததுதான் கடலோர மக்களுக்கான நகரும் இல்லத் திட்டம். ஒரு கூடம், ஒரு சமையல் மூலை, கூரையில் சூரியத் தகடு, கீழே ஆறு சக்கரம், தரைக்கு அடியில் ஒரு மூளை. தண்ணீர் வந்தால் வீடு தானாகக் கிளம்பி மேட்டுக்குப் போய்விடும். மக்கள் அதற்கு வண்டிவீடு என்று பெயர் வைத்தார்கள். பட்டா கேட்டவர்களுக்கு அரசு வண்டி எண்ணும் ஆர்.சி. புத்தகமும் கொடுத்தது.

வீட்டைக் கொடுத்த அரசு, அதை நிறுத்த இடம் கொடுக்க மறந்துவிட்டது. ஊரில் மேடு என்று மிஞ்சியவை இரண்டு. ஒன்று, வெள்ள நிவாரண நிதியில் இருபது அடி மண் கொட்டி அதன் மேல் கட்டிய எங்கள் புதிய நகராட்சி அலுவலகம். இன்னொன்று, அரசு மருத்துவமனையை ஒட்டி இருந்த தங்கப்பிரகாசத்தின் நிலம். அவர் கோடு கிழித்து அறுபத்தொரு மனையாகப் பிரித்து, 'தங்கப்பிரகாசம் நகரும் இல்லப் பூங்கா' என்று பலகை வைத்தார். அந்தப் பூங்காவில் இருந்த ஒரே பூ பலகையில் வரைந்திருந்த செம்பருத்திதான். தை பிறந்ததும் இட வாடகையை இரண்டு மடங்காக்கினார். காரணம் கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில் ஊர் முழுக்கப் பிரபலமானது.

"புடிக்கலன்னா கெளம்பிப் போவட்டும். சக்கரம் எதுக்கு வெச்சிருக்கு?"

உச்சவரம்புத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் பதினோராவது வார்டு உறுப்பினர் லூர்துமேரி. மீன் ஏலக் கூடத்தில் தேய்ந்து கூர்மையான குரல். ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுத்தான் பேசுவார். நகராட்சியின் வாடகைத் துணைவிதி ஏற்கெனவே இருக்கிறது, வருடத்துக்கு இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏற்றக்கூடாது, அதை இந்தப் பூங்காவுக்கும் பொருத்துங்கள், அவ்வளவுதான் என்றார்.

தலைவர் சிங்காரவடிவேல் எழுந்தார். அவர் எழுந்தால் உட்கார அரை மணி ஆகும். நாகரிகம் நதிக்கரையில் தோன்றியதில் ஆரம்பித்தார். சக்கரத்தைக் கண்டுபிடித்த மனிதனைப் பாராட்டினார். கடைசியில், துணைவிதி கட்டடங்களுக்குத்தான், வண்டிகளுக்கு இல்லை, நிறுத்தியிருக்கும் வண்டிக்கு வாடகை உச்சவரம்பு என்றால் நாளை சைக்கிள் ஸ்டாண்டும் நம் கதவைத் தட்டும் என்று முடித்தார். பூங்கா உரிமையாளர் தன் சகலை என்பதை அவர் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைச் சொல்லி மன்றத்தின் நேரத்தை வீணாக்குவானேன் என்று நினைத்திருக்கலாம்.

ஆகவே கேள்வி இதுதான் ஆயிற்று: வண்டிவீடு வண்டியா, கட்டடமா?

மூன்று கூட்டம் இதிலேயே போனது. அந்த வீடுகள் எட்டு வருடமாக நின்ற இடத்திலேயே நிற்கின்றன என்றார் லூர்துமேரி. குளியலறை ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள், தண்ணீர்க் குழாய் இழுத்திருக்கிறார்கள், சக்கரத்தில் பாகற்கொடி ஏறிக் காய்க்கிறது. காய்க்கிற வண்டியை எங்காவது பார்த்ததுண்டா என்று கேட்டார். மன்றம் கொஞ்சம் அவர் பக்கம் சாய்ந்தது. ஆளுங்கட்சி உறுப்பினர்கள் சிலர்கூடத் தலைவர் பார்க்காதபோது தலையாட்டினார்கள்.

நான்காவது கூட்டத்தில் தலைவர் திரையை இறக்கச் சொன்னார். ஒரு காணொளி ஓடியது. பூங்காவில் போன வருட ஆயுத பூஜை. அறுபத்தொரு வீட்டுக்கும் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று. இருபத்து மூன்றாம் எண் வீட்டின் ஆறு சக்கரத்துக்கும் அடியில் ஆறு எலுமிச்சம்பழம். நாற்பது பேர் தோள் கொடுத்துத் தள்ள, வீடு ஒரு சாண் முன்னால் வந்து பழங்களை நசுக்கியது. குலவை. பின்னாலிருந்து ஒரு பெருமிதக் குரல்: "பாத்தீங்களா, நம்ம வண்டி இன்னும் ஓடுது."

வருடத்துக்கு ஒருமுறை பழத்தை நசுக்காத வண்டிக்கு ராசி இல்லை என்பது அவர்கள் நம்பிக்கை. லாரிக்காரனும் ஆட்டோக்காரனும் செய்வதை அவர்களும் செய்தார்கள். ஆர்.சி. புத்தகத்தைக் கொடுத்தவர்கள் பட்டாவைக் கொடுத்திருந்தால் சக்கரத்தை விட்டுவிட்டு நிலைப்படிக்குப் பொட்டு வைத்திருப்பார்கள். தெரு வாட்ஸப் குழுவில் பெருமையாகப் போட்ட அந்தக் காணொளி, சுற்றிச் சுற்றித் தலைவரின் கைப்பேசிக்கு வந்து சேர்ந்திருந்தது.

நாற்பது பேர் தள்ளினால் தேர்கூட நகரும், தேர் என்ன வண்டியா என்றார் லூர்துமேரி. தேர் எந்தக் காலத்தில் வாடகைக் குறைப்பு கேட்டது என்றார் தலைவர். கூச்சலுக்குப் பிறகு ஆணையர் ஒரு வழி சொன்னார். அதே இருபத்து மூன்றாம் எண் வீட்டை, கம்பெனி கொடுத்த அசல் நிலையில் வைத்துச் சோதிப்பது. யாரும் தள்ளக்கூடாது. தானாக நகர்ந்தால் வண்டி, நகராவிட்டால் கட்டடம். பொறியாளர் சான்றளிப்பார். இரண்டு தரப்பும் மேசையைத் தட்டின. இருபத்தாறு வருடத்தில் முதல் முறையாக முப்பது பேரும் என் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

இருபத்து மூன்றாம் எண் வீடு மரகதவல்லியுடையது. டவுன் பஸ் கண்டக்டர். சோதனைக்கு முதல் நாள் நான் போனபோது ஷிப்ட் முடிந்து வந்து, காக்கிச் சட்டையோடு அரிசி களைந்துகொண்டிருந்தார். உள்ளே கட்டிலில் அவர் கணவர் அய்யனாரப்பன். ஒரு காலத்தில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வாரத்துக்கு மூன்று நாள் மருத்துவமனையில் ரத்தம் சுத்தம் செய்யவேண்டும். பூங்காச் சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. அதன் வழியாகப் போனால் மருத்துவமனை வாசல் இருநூறு அடி. அந்த இருநூறு அடிதான் அவர் உயிரோடு இருப்பதற்குக் காரணம் என்றார் மரகதவல்லி. புது வாடகையைக் கொடுத்தால் மருந்துக்குக் காசில்லை. கொடுக்காவிட்டால் அடுத்து வண்டிவீட்டுக்கு இடம் கிடைக்கும் ஊர் மாம்பட்டு, நாற்பது கிலோமீட்டர். வாரம் மூன்று முறை அவரைப் பஸ்ஸில் ஏற்றி இறக்க முடியாது. பஸ்ஸில் யாரை ஏற்றலாம் யாரை ஏற்றமுடியாது என்பது தனக்கு நன்றாகத் தெரியும் என்று சொல்லிவிட்டு அரிசியை உலையில் போட்டார்.

நான் வீட்டுக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். மூளையிலிருந்து வெளியே வரும் ஒயர் அறுக்கப்பட்டு, முனையில் பிளாஸ்திரி சுற்றியிருந்தது.

"இது ஏன்ம்மா அறுந்திருக்கு?"

"அறுந்துல்லாம் போவல சார், அறுத்ததுதான். எல்லா வீட்லயும் அறுத்தாச்சு. அந்த நாக்கு இருக்கு பாருங்க, அதோட ஒயரு."

நாக்கு என்று அவர் சொன்னது தரையில் குத்தும் கம்பி. வீடு அதைக் கொண்டுதான் மண்ணைத் தொட்டுப் பார்க்கும். உப்புநீர் ஏறியிருக்கிறதா, மண் இளகுகிறதா என்று ருசிபார்த்து மூளைக்குச் சொல்லும். ஆரம்பத்தில் ஒரு மழைக்குக்கூட மிரண்டு கூவிக்கொண்டிருந்ததாம். ஒருநாள் ஒன்பதாம் எண்ணில் வளைகாப்பு. பெண்கள் உள்ளே உட்கார்ந்திருக்க, வீடு பந்தலையும் இழுத்துக்கொண்டு ஊர்வலம் மாதிரிக் கிளம்பிவிட்டது. பிள்ளைத்தாய்ச்சி மெயின் ரோடு வரை போய் வந்தாள். அன்று மாலையே பூங்கா முழுக்க ஒயரை அறுத்துவிட்டார்கள்.

அசல் நிலை என்று மன்றம் சொல்லியிருக்கிறது, ஒயரை ஒட்டித்தான் ஆகவேண்டும் என்றேன். மரகதவல்லியின் முகம் மாறியது.

"ஒட்டினா கெளம்பிடுமே சார்."

நான் எழுந்து, கையைத் தட்டிவிட்டுக்கொண்டு, ஒரு பொறியாளர் சாதாரண மனிதருக்கு விளக்கும் குரலில் விளக்கினேன். இந்த வீட்டுக்கு ஸ்டார்ட் பட்டன் கிடையாது. அதைப் பொருத்தும் டெண்டர் எட்டு வருடமாக இறுதியாகவில்லை. ஆகவே யாரும் இதை ஓட்டமுடியாது. வீடு நகர வேண்டும் என்றால் அதற்கே தோன்றவேண்டும். காலுக்குக் கீழே நிலம் கெட்டால்தான் அதற்குத் தோன்றும். இதுவோ மேட்டு நிலம். கோடை வேறு. எனவே நகராது. நகராவிட்டால் கட்டடம். கட்டடம் என்றால் உச்சவரம்பு. வாடகை பழையபடி இறங்கிவிடும். ஒயரை விதிப்படி ஒட்டிவிட்டு, அப்படியும் நகரவில்லை என்று காட்டினால்தான் தங்கப்பிரகாசம் கோர்ட்டுக்குப் போனாலும் தீர்மானம் நிற்கும்.

"நகராதுல்ல சார்?"

"நகராதும்மா. நான் சொல்றேன்ல."

அவர் கையெடுத்துக் கும்பிட்டார். நான் கம்பீரமாக ஒயரை ஒட்டி, அதன்மேல் நகராட்சி முத்திரையும் வைத்தேன்.

மறுநாள் காலை பதினோரு மணிக்குப் பூங்காவில் ஷாமியானா, நாற்காலி, ரோஸ்மில்க். தலைவர் இதற்கும் ஒரு உரை வைத்திருந்தார். நல்லவேளையாக, வண்டி என்றால் உள்ளே லைசென்ஸ் உள்ள ஆள் இருக்க வேண்டுமே என்று வட்டாரப் போக்குவரத்து ஆய்வாளர் ஆரம்பித்ததால் உரை பாதியில் நின்றது. மரகதவல்லியிடம் கண்டக்டர் லைசென்ஸ்தான் இருந்தது. ஓட்டுகிற பட்டனே இல்லாத வண்டிக்கு அதுவே அதிகம் என்றார் லூர்துமேரி. ஆய்வாளர் சிரிக்காமல் குறித்துக்கொண்டார். அய்யனாரப்பன் மருத்துவமனைக்குப் போயிருந்தார். மரகதவல்லி மட்டும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆறு சக்கரத்தையும் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டோம். மூளைக்கு மின்சாரம் கொடுக்கும் மெயின் ஸ்விட்சைப் போட்டேன்.

கால் மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அரை மணி. ரோஸ்மில்க் தீர்ந்தது. பூங்காக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தார்கள். தங்கப்பிரகாசம் நாற்காலியில் இரண்டு முறை நிமிர்ந்து உட்கார்ந்தார். லூர்துமேரி கைக்கடிகாரத்தைத் தலைவர் பக்கம் திருப்பிக் காட்டினார். நான் மனதுக்குள் சான்றிதழின் வாசகத்தை எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்போது வீட்டுக்கு அடியில் சின்னதாக ஒரு முனகல் கேட்டது. நாக்கு இறங்கியது. மண்ணில் குத்தியது. வெளியே எடுத்து, இரண்டடி தள்ளி மறுபடி குத்தியது. அதன் பக்கத்தில் ஒரு சிறு விளக்கு உண்டு. குனிந்து நிற்பவனுக்கு மட்டும் தெரியும் உயரம். அது பச்சையாக இருந்தது, மஞ்சளானது, பிறகு சிவப்பானது. அணையவே இல்லை.

வீடு கிளம்பியது. முதலில் குளியலறைத் தகரம் பிய்ந்து விழுந்தது. குழாய் உடைந்து தண்ணீர் அடித்தது. பாகற்கொடி ஒரு சக்கரத்தோடு சுற்றிக்கொண்டு காயும் பூவுமாகப் போனது. சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி, மேற்கே, நகராட்சி அலுவலகம் இருக்கும் திசையில் பன்னிரண்டு அடி போய், பூங்காவின் சுற்றுச்சுவரில் முட்டி நின்றது. முட்டிய பிறகும் சக்கரம் ஒரு நிமிடம் சுற்றிக்கொண்டே இருந்தது.

தங்கப்பிரகாசத்தின் ஆட்கள் கைதட்டினார்கள். நான் குனிந்தபடியே இருந்தேன். இந்த நிலத்துக்குக் கீழே கடல் வந்துவிட்டது. மேலே பார்த்தால் காய்ந்த மேடு, உள்ளே உப்புநீர். வாடகையை ஏற்றலாமா கூடாதா என்று நான்கு மாதமாகப் பேசிய நிலம், இன்னும் எத்தனை வருடம் நிலமாக இருக்கும் என்பதே நிச்சயமில்லை. அந்த நிமிடத்தில் இது தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

"இன்ஜினியர்," என்றார் தலைவர். "நகர்ந்துச்சா, இல்லையா?"

"ஐயா, அது எதனால நகர்ந்துச்சுன்னா..."

"எதனால, எப்படின்னுல்லாம் கேக்கலையே. மினிட்ஸ்ல ஏத்தணும். ஒரே வார்த்தை."

"நகர்ந்தது," என்றேன்.

மரகதவல்லி கதவைத் திறந்து இறங்கி வந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். வாக்கைக் காப்பாற்றாதவனைப் பார்க்கும் பார்வை என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன்.

தீர்மானம் இருபத்தொன்றுக்கு ஒன்பது என்ற கணக்கில் தோற்றது. சிவப்பு விளக்கைப் பற்றி எழுதவேண்டும் என்று அந்த வாரம் முழுக்க நினைத்தேன். எட்டு வருடப் பழைய விளக்கு, பொய் சொல்லலாம் என்று எனக்கு நானே ஒரு தொழில்நுட்ப அறிக்கை வாசித்துக்கொண்டேன். மண் பரிசோதனை செய்யாமல் எழுதுவது தவறு. மண் பரிசோதனைக்கு டெண்டர் விடவேண்டும். டெண்டர் விட மன்றத்தில் பொருள் வைக்கவேண்டும். பொருள் வைப்பவர் தலைவர். இப்படி ஒவ்வொரு படியாக ஏறிப்போய், கடைசிப் படியில் நிம்மதியாக உட்கார்ந்துவிட்டேன். ஏழு குடும்பங்கள் மாம்பட்டுக்குப் போகலாமா என்று விசாரிக்கத் தொடங்கின. மரகதவல்லி இரட்டை ஷிப்ட் பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன்.

வண்டி என்று ஆகிவிட்டதால் அதற்குரிய மரியாதையும் வந்து சேர்ந்தது. வண்டிகளுக்குத் தகுதிச் சான்று வேண்டும் என்றது போக்குவரத்து அலுவலகம். அறுபத்தொரு வீட்டிலும் ஒயரை ஒட்டி, ஒரே நாளில் இயக்கிக் காட்டவேண்டும். தங்கப்பிரகாசம் தன் செலவில் சுற்றுச்சுவரை இடித்து அகலமான வாசல் வைத்தார். வாடகை கொடுக்காதவன் வெளியே போக வசதி என்றார்.

ஐப்பசி மாதத்தில் ஒரு புதன்கிழமை, காலை பத்தரை மணிக்கு ஆய்வாளர் விசில் ஊதினார். அறுபத்தொரு வீட்டிலும் ஸ்விட்ச் போடப்பட்டது. அறுபத்தொரு நாக்கும் இறங்கின. ஆய்வாளர் ஒவ்வொன்றும் பத்தடி நகர்ந்தால் போதும் என்று நினைத்திருந்தார். வீடுகள் அவரைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக வெளியே போயின.

கடைத்தெரு வழியாக வரிசையாக வந்தன. கொடியில் துணி காய்ந்தது. ஒரு வீட்டில் குக்கர் விசில் அடித்தது. ஒரு ஆள் பாதி சவரத்தோடு ஜன்னலில் நின்று, எங்கே போகிறோம் என்று தெருவில் போகிறவர்களைக் கேட்டுக்கொண்டே வந்தார். சிக்னலில் சிவப்பு விழுந்தபோது வீடுகள் நின்றன, பச்சை விழுந்ததும் கிளம்பின. சேந்தன்கழியில் சிக்னலை மதித்த முதல் வாகனங்கள் அவைதாம். ஒன்றரைக் கிலோமீட்டர் வந்து, சரிவில் ஏறி, இருபது அடி உயரத்தில் இருக்கும் எங்கள் அலுவலக வளாகத்துக்குள் நுழைந்து, நீரூற்றைச் சுற்றி நெருக்கமாக நின்றன. நாக்கை ஒருமுறை மண்ணில் குத்திப் பார்த்தன. அறுபத்தொரு விளக்கும் பச்சையாயின.

பன்னிரண்டு மணிக்கு அவசரக் கூட்டம். நகராட்சி நிலத்துக்கு நகராட்சியே வாடகை வைத்துக்கொள்ளலாம், சகலையிடம் கெஞ்ச வேண்டாம் என்றார் லூர்துமேரி. சிலர் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. அவருடைய கார் இரண்டு வீடுகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. வண்டி என்றால் அதை இங்கே நிறுத்தக் கட்டணம் வாங்கிக்கொண்டு அனுமதித்தாகவேண்டும், வளாக விதியில் அப்படித்தான் இருக்கிறது என்று ஆணையர் அவர் காதில் சொன்னார். தலைவர் யோசித்தார். யோசித்தபோது அவர் முகம் உண்மையிலேயே அழகாக இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இன்ஜினியர், அந்த வீடுங்க இப்ப இங்கருந்து நகருமா, நகராதா?"

எழுந்தேன். உண்மை என்னவோ ஒன்றுதான். காலுக்குக் கீழே நல்ல நிலம் இருக்கிறவரை அவை நகராது. ஸ்டார்ட் பட்டன் கிடையாது.

"நகராது," என்றேன். "ஏன்னா, ஐயா, அந்தப் பூங்கா நிலத்துக்கு அடியில..."

"நகராது. குறிச்சிக்குங்க. நகராதது கட்டடம். பொது இடத்தில அனுமதி வாங்காத கட்டடம்னா ஆக்கிரமிப்பு."

பூங்கா நிலத்துக்கு அடியில் உப்புநீர் ஏறிவிட்டது, அங்கே அவர்களைத் திருப்பி அனுப்பக்கூடாது என்று நான் தொடர்ந்து சொன்னேன். சத்தமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். அதற்குள் மேசையைத் தட்டும் சத்தம் ஆரம்பித்திருந்தது. லூர்துமேரி மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஒன்பது ஓட்டைப் பதினெட்டாக்கியிருப்பேனே என்று கூட்டம் முடிந்து படியில் இறங்கும்போது சொன்னார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை.

மூன்று நாளில் கிரேன் வைத்து இழுத்து வீடுகளைப் பூங்காவில் அதே எண்ணில் கொண்டுபோய் வைத்தார்கள். கட்டடங்கள் ஆக்கிரமிப்பு நோக்கத்தோடு இடம்பெயர்வதைத் தடுக்க நாக்குகளை வெட்டி எடுக்கும்படி உத்தரவு. பூங்காவுக்குத் திரும்பியதும் அவை மறுபடி வண்டியாகிவிட்டதால் உயர்த்திய வாடகையில் மாற்றம் இல்லை. வெட்டும் வேலையை மேற்பார்வை செய்யவேண்டிய அதிகாரி நான்.

இருபத்து மூன்றாம் எண்ணுக்கு மாலை நாலு மணிக்கு வந்தோம். ஆட்கள் வீட்டுக்கு அடியில் வேலை செய்தார்கள். மரகதவல்லி பிய்ந்துபோன குளியலறைத் தகரத்தை ஆணி அடித்துக்கொண்டிருந்தார். வாயில் இரண்டு ஆணி. நான் பக்கத்தில் போய் நின்றேன். சொல்லவேண்டியதை மூன்று நாளாக மனப்பாடம் செய்திருந்தேன். அன்றைக்கு விளக்கு சிவப்பானதை நான் பார்த்தேன், இந்த நிலம் கெட்டுவிட்டது என்று எனக்கு அப்போதே தெரியும், சொல்லாமல் விட்டேன் என்று சொன்னேன்.

அவர் ஆணிகளை வாயிலிருந்து எடுத்தார்.

"தெரியும் சார். உள்ள இருந்தது நான்தான? வீடு பேசுச்சு. 'இந்த நிலம் பாதுகாப்பாக இல்லை, புறப்படுகிறேன், அமர்ந்துகொள்ளுங்கள்'னு நல்ல தமிழ்ல சொல்லுச்சு. ரெண்டு தடவ."

 நீங்கள் ஏன் வெளியில் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா? அன்னைக்கே லாரில ஏத்தி மாம்பட்டுல எறக்கிட்டுப் போயிருப்பீங்க. இவரு பத்து நாளு தாங்க மாட்டாரு. வாடக தான ஏறும், ரெட்ட ஷிப்ட் பாத்துக்கலாம்னு வாய மூடிக்கிட்டேன்." தகரத்தின் ஓரத்தைக் கையால் அழுத்திப் பார்த்தார். "எனக்கு ஒரு உசுரு இருந்துச்சு சார், வாய மூட. ஒங்களுக்கு என்னா இருந்துச்சு?"

கேள்வியில் கோபம் இல்லை. எங்கே போகணும் என்று டிக்கெட் கிழிக்கும்போது கேட்கிற குரல்தான். எனக்கு டெண்டர் இருந்தது, மினிட்ஸ் இருந்தது, கேட்டால் மட்டும் பதில் சொல்லவேண்டும் என்ற விதி இருந்தது. ஒன்றையும் அவரிடம் எடுத்துக் காட்டும்படி இல்லை. அவர் ஆணியை மறுபடி வாயில் வைத்துக்கொண்டார்.

உள்ளேயிருந்து அய்யனாரப்பன், யார் வந்திருக்கிறது என்று கேட்டார்.

"முனிசிபாலிட்டிலேர்ந்து," என்றார் மரகதவல்லி ஆணியோடு.

"உள்ள வரச் சொல்லு."

போனேன். கட்டிலுக்கு எதிரே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தேன். யாரும் கேட்கவில்லை, யாரும் குறித்துக்கொள்ளவில்லை. ஆனாலும் நானாகவே ஆரம்பித்தேன். நாக்கு எப்படி வேலை செய்கிறது, நிலத்துக்கு அடியில் கடல் எப்படி ஏறுகிறது, மேலே காய்ந்திருந்தாலும் உள்ளே எப்படி இளகும், முதலில் எந்த மூலை அமிழும், எந்தெந்த நாளில் என்ன கூட்டத்தில் யார் என்ன கேட்டார்கள், நான் என்ன சொன்னேன், என்ன சொல்லவில்லை, எல்லாவற்றையும் சொன்னேன். அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கும். அடியில் ரம்பத்தின் சத்தம் வந்துகொண்டிருந்தது, ஒரு இடத்தில் நின்றது. நான் நிறுத்தவில்லை.

 அய்யனாரப்பன், இன்ஜினில் என்ன கோளாறு என்று படகுக்காரன் சொல்வதைக் கேட்பது போல, கண்ணை மூடிக்கொண்டு, அங்கங்கே தலையாட்டிக் கேட்டார். நான் முடித்ததும் கண்ணைத் திறந்தார்.

"சரிங்க சார்," என்றார். "அப்ப வாடக கொறையாது."

"கொறையாதுங்க," என்றேன்.